தங்கவேலு கேட்ட லேசான துப்பாக்கி

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் பேசாமல் இருந்தேன். மலர்க் குழுவில் இருக்கும் பெண் விடவில்லை.

"ஆன்ட்டி, வந்தது எல்லாமே ஐடி. சர்வர் டவுன் ஆச்சு, விடிய விடிய உக்காந்து ஃபிக்ஸ் பண்ணோம்னு ஒரே கதைதான். நீங்க கண்டிப்பா எழுதணும்."

"நான் என்ன வேலை பார்த்தேன்னு தெரியுமில்ல?"

"தெரிஞ்சதாலதான் ஆன்ட்டி கேக்கறேன்."

நான் துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்தேன். இதைச் சொன்னால், டெக்சஸில் நாங்கள் இருக்கும் காப்பெலில், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் பொட்லக் விருந்துகளில் ஒரு நிமிடம் கரண்டிகூட அசையாது. என் கணவர் இன்றுவரை "மல்லிகா ரீடெய்ல்ல இருந்தா" என்றுதான் சொல்வார். காய்கறிக் கடை என்று எதிராளி நினைத்துக்கொண்டால் அவருக்கு நிம்மதி.

கோயம்புத்தூரில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள் நான். கல்யாணம், அமெரிக்கா, வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த வருடங்கள் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். கிரீன் கார்டு வந்த பிறகு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு வேட்டைத் துப்பாக்கிக் கடையில் அளவுக் கருவிகள் பிடிக்கத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். வெர்னியரைக் கையில் கொடுத்தார்கள். பம்பு ஷாஃப்ட் அளந்த கைக்குத் துப்பாக்கிக் குழலான பேரல் ஒன்றும் பெரிய விஷயமாக இல்லை. முதலில் பின்னறையில் பேரல்களை அளந்துகொண்டிருந்தேன். பிறகு, வாடிக்கையாளரின் தோளுக்கும் கைக்கும் ஏற்றபடி துப்பாக்கியைப் பொருத்திக் கொடுக்கும் வேலை. அதிலேயே தலை நரைத்தது.

போன மாதம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று பழைய கடைக்கு டிரைவ் பண்ணிப் போனேன். கவுண்டருக்குப் பக்கத்தில் ஆளுயரத் திரை ஒன்று வைத்திருக்கிறார்கள். உயரம், எடை, என்ன மிருகம், எவ்வளவு தூரம் என்று தட்டினால், எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று அதுவே சொல்கிறது. நான் சும்மா இருப்பேனா? மலை வேட்டை என்று தட்டினேன். லேசான எடை, குட்டை பேரல், மேக்னம் என்று பளிச்சென்று படத்தோடு வந்தது. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் முதலாளி கிளேட்டன் முதலில் கேட்கும் கேள்வியை அது கேட்கவே இல்லை.

கிளேட்டன் இளமையில் கொலராடோ மலைகளில் வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். முழங்கால் கெட்டுப்போய் டெக்சஸ் சமவெளிக்கு வந்து கடை போட்டவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது கவுண்டருக்கு வந்து "மலைக்கு ஒரு ரைஃபிள் வேண்டும்" என்றால், "யாரோடு போகிறீர்கள்?" என்பார். அடுத்து, "உடம்பில் எங்கே வலிக்கிறது?" துப்பாக்கி பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். டாக்டரிடம் வந்துவிட்டோமோ என்று சிலர் திரும்பிப் பெயர்ப் பலகையைப் பார்ப்பார்கள்.

துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட்டைத் திறப்பார். உள்ளே பார்ப்பார். பார்த்தது போதாது என்று, தோட்டா உட்காரும் இடத்தில் சுண்டு விரலை விட்டுத் தடவுவார். அப்புறம்தான் நீட்டுவார். வாங்குகிறவரும் அப்படியே செய்ய வேண்டும். இரண்டு பேரும் பக்கத்தில் நின்று ஒன்றாகப் பார்த்திருந்தாலும், கை மாறினால் மறுபடியும் முதலிலிருந்து. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'இப்போதுதானே பார்த்தார்' என்று அப்படியே வாங்கி அலமாரியில் வைக்கப் போனேன். அவர் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடி திறந்து, பார்த்து, தடவி, மறுபடி நீட்டினார். நானும் புரியாமல் அப்படியே வாங்கினேன். மதியச் சாப்பாடு வரைக்கும் இதே கூத்துதான். திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். இது இன்றுவரை விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒரு டப்பாவை எடுத்தாலும் காலிதானா என்று விரல் விட்டுப் பார்க்கிறேன்.

கடைக்குப் பின்னால் சுடும் களம் இருந்தது. எங்கள் பக்கம் மலை என்று மருந்துக்கும் கிடையாது. அதனால் கிளேட்டன் மண்ணைக் கொட்டி ஒரு மேடு எழுப்பி வைத்திருந்தார். மலைக்குத் துப்பாக்கி கேட்டு வருகிறவர், முதுகில் சுமையோடும் கையில் துப்பாக்கியோடும் அந்த மேட்டில் ஏறி இறங்கி, மூச்சு வாங்க உட்கார்ந்தபடியே சுட வேண்டும். மேசையில் சாய்த்துவைத்துச் சொகுசாகச் சுட விடமாட்டார். முன்பெல்லாம் சுமைக்கு மணல் மூட்டை இருந்தது. அது ஒழுகிக்கொண்டே இருந்ததால், இந்தியன் ஸ்டோரிலிருந்து ஒரு பொன்னி அரிசி மூட்டையைக் கொண்டுபோய்ப் பையில் திணித்தேன். முதுகுக்கு இதமாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். டெக்சஸ்காரர்கள் எத்தனையோ பேர் எங்கள் ஊர் அரிசியைச் சுமந்திருக்கிறார்கள், தெரியாமலே.

இந்தக் குட்டை பேரல் மேக்னம் விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மேக்னம் தோட்டாவில் வெடிமருந்து அதிகம். அவ்வளவு மருந்தும் எரிந்து குண்டைத் தள்ள நீளமான பேரல் வேண்டும். பேரலைக் குட்டையாக்கினால் மருந்தில் ஒரு பகுதி வெளியே வந்து நெருப்பாகவும் சத்தமாகவும் போகும். வேகமும் குறையும். துப்பாக்கி லேசாக லேசாக, சுடும்போது தோளில் விழும் உதை கூடும். அந்த உதையைப் பத்து மாதம் பழகினாலும் சிலருக்கு உடம்பு ஏற்காது, சுடும் நொடியில் கண் தானாக மூடிக்கொள்ளும். அதற்காக அது கெட்ட துப்பாக்கி இல்லை. பாறையும் புதரும் இடிக்கும் இடத்தில் குட்டை பேரல் வரம். நாள் முழுக்கத் தூக்கி நடக்கிறவருக்கு எடை குறைவதும் வரம்தான். ஒல்லியான ஒரு பெண் வழிகாட்டி எங்களிடம் அதைத்தான் வாங்கினார். மேட்டில் ஏறி உட்கார்ந்து, உதையைத் தோளில் வாங்கிக்கொண்டு, குண்டுகளைக் குறியில் ஒரே இடத்தில் பதித்தார். கிளேட்டன் தொப்பியைக் கழற்றிவிட்டார். அதே வாரம் மலை மாதிரி ஒரு ஆள் வந்து, "எனக்கா கற்றுத் தருகிறீர்கள்?" என்று அதையே சுட்டு, குறிபார்க்கும் ஸ்கோப் புருவத்தில் இடித்து, ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பஞ்சு வைத்துக் கட்டியது நான்தான்.

இனி தங்கவேலு கதை.

தங்கவேலு ஈரோட்டுக்காரர், இங்கே ஐடி மேனேஜர். ஐம்பதுகளின் கடைசியில் இருந்தார். கடைக்குள் நுழைந்து, என்னைப் பார்த்து, வெளியே போய், மறுபடி உள்ளே வந்தார்.

"மேடம் தமிழுங்களா?"

"கோயமுத்தூருங்க."

"அட ஏனுங், இந்தக் கடையில நீங்க எப்படீங்க?"

யூடியூபில் இருப்பதை எல்லாம் பார்த்துவிட்டு வந்திருந்தார். இருப்பதிலேயே லேசான ரைஃபிள், இருப்பதிலேயே குட்டை பேரல், இருப்பதிலேயே பெரிய மேக்னம். கார் வாங்கினாலும் டாப் மாடல், போன் வாங்கினாலும் டாப் மாடல் என்று நம் ஆட்கள் வாங்குவோமே, அந்த மாதிரி. கிளேட்டனின் முதல் கேள்வியை நான் தமிழில் கேட்டேன்.

"யாரோட போறீங்க?"

"பையனோடங்க." அந்த ஒரு வார்த்தையில் முகமே மாறிவிட்டது. "நவீன்னு பேரு. டென்வர்ல இருக்கறான். காலேஜ் ஃபிரண்ட்ஸோட வேட்டைக்குப் போய்ப் பழகிட்டான். இந்த வருசம் எல்க் வேட்டைக்கு டேக் விழுந்துருச்சுன்னு போன் பண்ணுனான். 'நீங்களும் வாங்கப்பா'ன்னான்."

எல்க் என்பது குதிரை உயரத்துக்கு இருக்கும் மான். அதைச் சுட அரசு குலுக்கலில் தரும் அனுமதிதான் டேக்; அது விழப் பல வருடம்கூட ஆகும். அதை மலைச்சரிவில் தேடி நாள்கணக்கில் நடக்க வேண்டும்.

"நல்ல விசயம்தானுங்களே."

"நல்ல விசயமா? மேடம், அவன் எங்கிட்டப் பேசறதே 'ஹாய்ப்பா, ஐ'ம் குட், போனை அம்மாகிட்டக் குடுங்க', இவ்வளவுதானுங்க. இத்தனை வருசத்துல அவனா என்னைய எங்கயும் கூப்பிட்டதில்லை. இப்பக் கூப்பிடறான். மலையில நான் மூச்சு வாங்கிட்டு நின்னா, அடுத்த வருசம் கூப்பிடுவானா? அதுதானுங்க, லேசா ஒண்ணு வேணும். அவனுக்குச் சமமா நான் ஏறோணும்."

சரி என்று அரிசிப் பையை மாட்டி மேட்டுக்கு அனுப்பினேன். மெதுவாக ஏறினார், நின்றார், ஏறினார். இறங்கி வந்ததும், இரண்டில் எந்தக் கண் முந்திக்கொண்டு குறிபார்க்கிறது, அதாவது எது ஆளும் கண் என்று பார்க்கும் சோதனை. இரண்டு கைகளையும் சேர்த்துச் சின்ன ஓட்டை மாதிரி வைத்து, அது வழியே என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன். ஓட்டையில் எனக்குத் தெரிந்தது அவருடைய இடது கண்.

"நீங்க இடது கைங்களா?"

சிரித்தார். "சின்னதுல நொட்டாங்கைங்க. உண்டிவில்லெல்லாம் இந்தக் கைதான். பள்ளிக்கூடத்துல வாத்தியார் முட்டியில அடிச்சே சோத்துக்கைக்கு மாத்தி உட்டுட்டாரு. எழுதறது சாப்பிடறது எல்லாம் இப்பச் சோத்துக்கைதானுங்க."

அப்படியென்றால் இடது தோளில் வைத்துத்தான் இயல்பாகச் சுட வரும். தோட்டா போடுவதற்கு முன்னால் வெறும் துப்பாக்கியைக் கண்ணை மூடித் தோளில் பொருத்திப் பார்ப்பது எங்கள் கடை வழக்கம். பொருத்தினார். பின்கட்டை இடது தோளைத் தொட்டதும் உடம்பு பின்வாங்கியது. மறுபடி பொருத்தச் சொன்னேன். மறுபடியும் அதேதான். சட்டைக்குள், காரை எலும்புக்குக் கீழே, தீப்பெட்டி அளவுக்கு ஏதோ புடைத்துத் தெரிந்தது.

"அது என்னதுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. கட்டி."

என் மாமனாருக்கும் அதே இடத்தில் அதே கட்டிதான். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர். வழக்கமாக எழுதும் கைக்கு எதிர்ப் பக்கம்தான் வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் "நான் சோத்துக்கை" என்று சொல்லியிருக்கிறார், இடது பக்கம் வைத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பெட்டிக்கு நேர்மேலே, இருப்பதிலேயே அதிகமாக உதைக்கும் துப்பாக்கியை வைத்துச் சுடப் போகிறார். அந்த உதையில், இதயத்துக்குள் போகும் ஒயர் அறுந்தால் என்ன ஆகும்? துப்பாக்கியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"பையனுக்குத் தெரியுங்களா?"

சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உங்களைத்தானுங்க கேக்கறேன்."

"தெரியாதுங்க. போன வருசம் வெச்சது. அவன் புது வேலையில சேர்ந்த சமயம். எதுக்கு அவனை டென்சன் பண்ணோணும்னு நானும் அவங்கம்மாவும் சொல்லலைங்க. இப்பச் சொன்னா 'வராதீங்கப்பா'ன்னுருவான். மேடம், நீங்களும் வெளிய சொல்லிராதீங்க."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் போட முடியாது. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. 'நீ தூரத்துல இருக்கே, பயந்துக்குவே' என்றார்கள். பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று நாம் செய்கிற இந்தக் காரியம் பிள்ளைகளை எவ்வளவு அவமானப்படுத்துகிறது என்று எனக்குத் தெரியும். படபடவென்று கொட்டிவிட்டேன். அவரும் விடவில்லை.

"இந்தக் கடை இல்லாட்டி இன்னொரு கடைங்க. டெக்சஸ்ல துப்பாக்கிக்கா பஞ்சம்?"

அது உண்மை. கதவைத் தாண்டிப் போனால் யாரும் அவர் சட்டைக்குள் பார்க்கப் போவதில்லை.

சத்தம் கேட்டுக் கிளேட்டன் வந்தார். தமிழ் புரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. நான் சொல்லலாமா என்று தங்கவேலுவைப் பார்த்தேன். அவரே சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். கிளேட்டன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய அந்தத் தாழ்ந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "மலையில் ஆம்புலன்ஸ் வராது. உங்கள் மகன்தான் ஆம்புலன்ஸ். தான் யாரைத் தூக்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்." தங்கவேலு எழுந்து, எங்களைப் பார்க்காமலே போய்விட்டார்.

அதன் பிறகு கடையில் போன் அடிக்கும்போதெல்லாம் நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். வேறு எங்காவது அதையே வாங்கியிருப்பாரோ, மலையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று மனம் கண்டபடி ஓடியது. இத்தனை வருட வேலையில், ஒருவருக்கு எந்தக் கடையிலும் துப்பாக்கி கிடைத்துவிடக் கூடாது என்று நான் சாமி கும்பிட்டது அப்போதுதான்.

ஒரு சனிக்கிழமை கதவு திறந்தது. முன்னால் உயரமாக ஒரு பையன், பின்னால் குற்றவாளி மாதிரி தங்கவேலு. நவீன் டென்வரிலிருந்து ஃபிளைட் பிடித்து வந்திருந்தான். என்னைப் பார்த்ததும், அடக்கி வைத்திருந்தது அப்பா மேல் வெடித்தது.

"யூ டோல்ட் த கன் ஷாப் ஆன்ட்டி பிஃபோர் யூ டோல்ட் மீ?"

"டேய், அவங்ககிட்டச் சொல்லலைடா. அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்கடா."

"அது இன்னும் மோசம் அப்பா!" இதை அவன் தமிழிலேயே சொன்னான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணைத் துடைக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. நானும் ஏதோ வேலை இருப்பது மாதிரி பின்னறைக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன்.

இதய டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே போய் வந்திருந்தார்கள். மலைக்குப் போகலாம், மெதுவாக ஏற வேண்டும், அடிக்கடி உட்கார வேண்டும், துப்பாக்கி இடது தோள் பக்கமே வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மேக்னம் இல்லை. சாதாரணத் தோட்டா, கொஞ்சம் நீளமான பேரல், உதையைத் தாங்கும் அளவுக்குக் கனமான கட்டை. அதை வலது தோளில் வைத்துச் சுட வேண்டும். இடது கண் குறுக்கே வராமல் இருக்க அவர் மூக்குக் கண்ணாடியின் இடது பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டினேன்.

தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "கனமா இருக்குதுங்களே. இதைத் தூக்கிட்டு நான் எப்ப அவன்கூட ஏறறது?"

"முதல்ல அந்த மேட்டுல ஏறுங்க. அரிசி காத்துட்டு இருக்குது."

சனிக்கிழமை தோறும் வந்து பழகினார். வலது தோள் ஒத்துழைக்க நாள் ஆனது. வாத்தியார் அடித்து மாற்றியதை நான் அடிக்காமல் மாற்றினேன். கடைசியில், மேடு ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினாலும் குண்டுகள் ஒரு இட்லி அகலத்துக்குள் விழ ஆரம்பித்தன. கிளேட்டன் தலையாட்டினார். அக்டோபரில் அப்பாவும் பிள்ளையும் மலைக்குப் போனார்கள்.

திரும்பி வந்த வாரமே தங்கவேலு கடைக்கு வந்தார். வெயிலில் மூக்கு தோல் உரிந்து, கண்ணெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"எல்க் கிடைச்சுதுங்களா?"

"இல்லீங்க."

"ஒண்ணுகூடக் கண்ணுல படலையா?"

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், என்னால வேகமா ஏற முடியலைங்க. ஒவ்வொரு வளைவுலயும் 'உக்காருங்கப்பா'ன்னு உக்கார வெச்சுருவான். உக்காந்தா என்ன பண்றது? பேச ஆரம்பிச்சான். மொதல்ல இங்கிலீஷு. அப்பறம் அரைகுறைத் தமிழு. காலேஜ்ல தனியாக் கெடந்தது, ஒரு பொண்ணு உட்டுட்டுப் போனது, எனக்குப் பயந்துட்டுச் சொல்லாம வெச்சிருந்தது, எல்லாம். மூணாம் நாள் அப்படிப் பேசிட்டு இருக்கறப்ப, அவன் முதுகுக்குப் பின்னால, ஒரு பக்கமாத் தள்ளி, சரிவுல ஒண்ணு வந்து நின்னுதுங்க. கொம்பு எத்தாச்சோடு பெருசுங்க! துப்பாக்கி என் மடியில இருக்குது. நீங்க சொல்லிக் குடுத்த தூரந்தான். விசையத் தொட்டிருந்தா உழுந்திருக்கும்."

"அப்பறம்?"

"அவன் பாதி சொல்லிட்டு இருந்தானுங்க. நான் துப்பாக்கியத் தூக்குனா நிறுத்திருவானே. அசையாம உக்காந்துட்டேன். அது மேஞ்சுட்டே மரத்துக்குள்ள போயிருச்சு. அவனுக்கு இன்னும் தெரியாதுங்க. அத்தனை வருசம் காத்திருந்து கிடைச்ச டேக்குங்க, தெரிஞ்சா என்னையக் கொன்னே போடுவான். நீங்களும் சொல்லிராதீங்க."

மறுபடியும் பையனிடம் ஒன்றை மறைக்கிறார். இந்த முறை நான் சண்டை போடவில்லை. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

அந்த எல்க் விஷயத்தையும் சேர்த்து இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று தங்கவேலுவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "தாராளமா எழுதுங்க" என்று சிரித்தார். நவீன் இப்போது தினமும் அவரோடு தமிழில் பேசுகிறானாம். தமிழ் படிக்கத்தான் இன்னும் வராதாம்.